விசில் கொடுத்த மதினி

பேரைக் கேட்பதற்கு முன்னால் வேலையைக் கொடுத்துவிடுவது டிரைவர் மதினியின் பழக்கம். நான் தென்காசிக்கு வந்து ஒரு மாதம் போன பிறகுதான் அவள் என் பேரைக் கேட்டாள். அதற்குள் அவள் கொடுத்த விசில் என் கழுத்தில் தொங்கி, அதன் கயிறு வேர்வையில் கறுத்துப்போயிருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனர், புனலூர் மரக்கடையில் சுமை, கொல்லத்தில் ஒரு முந்திரிக் கிட்டங்கி வாசலில் காவல் என்று எந்த ஊரிலும் ஒரு மழைக்காலம் முழுசாக இருந்ததில்லை. அந்தத் தடவை செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த லாரி தென்காசியில் அச்சு முறிந்து நின்றது. முதலாளி வேறு ஏற்பாடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். நான் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றேன். பசித்தது. அது புதிதில்லை.

அப்போது நடு ரோட்டில் ஒரு பெரியவர் நடந்து வந்தார். காக்கிச் சட்டை, படிய வாரிய தலை, செருப்பில்லாத கால். எதிரே திருநெல்வேலி பஸ். ஹாரன் அடித்தும் விலகவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு விசில் கேட்டது. பெரியவர் நட்டுவைத்த மாதிரி நின்றார். பஸ் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. போகிற போக்கில் டிரைவர் அவருக்கு ஒரு கும்பிடும் போட்டார். பிறகு டீக்கடைக்காரர் இரண்டு தடவை ஊதினார். பெரியவர் வலது காலை ஓர் அழுத்து அழுத்திவிட்டு நடந்தார். அடுத்த முக்கில் சைக்கிள் கடைக்காரன் ஒரு விசில் அடித்ததும் மறுபடி நின்றார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

"என்ன, சும்மாதான நிக்கீரு?"

திரும்பினேன். ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். விரல்களில் அரிசி மாவு காய்ந்திருந்தது.

"அந்தா போறாருல்லா, எங்க வீட்டுக்காரரு. பஸ் டிரைவரு. இப்ப எல்லாம் மறந்துட்டு. விசில் மட்டும் மறக்கல. ஒண்ணு அடிச்சா நிப்பாரு, ரெண்டு அடிச்சா போவாரு. மார்க்கெட் முக்குல இன்னைக்கு ஆளு இல்ல. அங்கன போயி நில்லும். அவரு தாண்டுனதும் வந்து ஆப்பம் தின்னும்."

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு தகர விசிலை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் யார், எந்த ஊர், திருடனா என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. நான் மார்க்கெட் முக்குக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை தெரியாது. ஆப்பத்துக்காகத்தான் இருக்கும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவள் வீடு. முன்னறையில் அடுப்பு. விடிவதற்கு முன்பே ஆப்பமும் கடலைக்கறியும் தயாராகிவிடும். டிரைவர்களும் கண்டக்டர்களும்தான் சாப்பிட வருவார்கள். அடுப்பை விட்டு அவள் நகர முடியாது. நகர்ந்தால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சாப்பாடு இல்லை. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் அவள் வீட்டுக்காரரோ ஓரிடத்தில் உட்காரமாட்டார். ஓடிப் பழகின உடம்பு. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்.

இருபது வருஷத்துக்கு மேல் அவர் குற்றாலம் ரூட்டில் ஓட்டினவர். ஒரு நாள் குற்றாலம் போகவேண்டிய பஸ்ஸை, நிறைய ஆட்களோடு, நேர் எதிர்த்திசையில் சுந்தரபாண்டியபுரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாராம். அது அவர் பிறந்த ஊர். என்ன அண்ணாச்சி இது என்று கண்டக்டர் பதறியதற்கு, "அம்மா சோறு பொங்கி வச்சிருப்பா. தின்னுட்டு எடுத்துருவோம்" என்றாராம். அம்மா செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அத்தோடு வேலை போயிற்று.

முதலில் மதினியும் எல்லாரையும் போலத்தான் செய்தாள். வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாள். வெளியே தெரிந்தால் கேவலம் என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி கதவைப் பிராண்டிப் பிராண்டி நகம் பிய்ந்துபோனது. ஆஸ்பத்திரியில் அந்த விரல்களுக்குக் கட்டுப் போட்ட டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"இது பைத்தியம் இல்லம்மா. மூளை தேயுற சீக்கு. குணப்படுத்த எங்கிட்ட மருந்து கிடையாது. விழாம, புண்ணு வராம, பட்டினி கிடக்காம பாத்துக்கலாம். ஆனா அத நான் ஒருத்தனாச் செய்ய முடியாது. நீங்க ஒருத்தியாவும் செய்ய முடியாது."

"அப்பம் நீங்க எதைச் செய்விய? அதை மட்டும் சொல்லுங்க. மிச்சத்துக்கு நான் ஆளு பிடிக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டாராம். செவ்வாய்க்கிழமை கூட்டம் வடிந்த பிறகு கூட்டி வந்தால் வரிசையில் நிற்கவிடாமல் உடனே பார்த்துவிடுவதாக ஒப்புக்கொண்டாராம். பின்னாளில் அவருக்கும் ஒரு விசில் கொடுத்தாள். மேஜையில் காகிதம் பறக்காமல் அதைத்தான் வைத்திருப்பார், நானே பார்த்திருக்கிறேன்.

விசில் விஷயம் தற்செயலாகத் தெரிந்ததுதான். நகக்காயம் ஆறிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அண்ணாச்சி வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் பாய்ந்தார். ஆப்பம் தின்றுகொண்டிருந்த கண்டக்டர் வாயில் கவளத்தோடு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் விசிலை ஊதிவிட்டார். அண்ணாச்சி நின்றார். மதினி கரண்டியைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலமே, சாப்பிட வந்த அத்தனை கண்டக்டர்களிடமும், "வீட்ல பழைய விசில் கிடந்தா கொண்டாங்க" என்று சொல்லிவிட்டாள். கதவைத் திறந்துவிட்டு, தெருவை ஏற்பாடு செய்ய ஆரம்பித்தாள்.

அவளிடம் நான் பார்த்த பெரிய விஷயம் இதுதான். கேட்பாள். வெட்கமில்லாமல், கெஞ்சாமல், உப்பு இருக்கிறதா என்று அடுத்த வீட்டில் கேட்கிற மாதிரி கேட்பாள். என் தலையெழுத்து என்று ஆரம்பிக்கமாட்டாள். முழுப் பாரத்தையும் எவர் தலையிலும் வைக்கமாட்டாள். ஒவ்வொருவரும் நிற்கிற இடத்திலேயே, செய்கிற வேலையோடு செய்யக்கூடிய ஒரு சின்னத் துண்டைத்தான் கொடுப்பாள். டீக்கடைக்காரர் அண்ணாச்சிக்கு டீ கொடுக்கவேண்டும். அவர் குடிக்கவில்லை என்றால் மதினிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். முடிவெட்டுகிறவர் சவரம் செய்யும்போது கழுத்து, காது, பாதம் எல்லாம் பார்க்கவேண்டும். ஒரு தடவை அண்ணாச்சியின் குதிகாலில் முள் ஏறிப் பழுத்திருந்ததைக் கண்டு சொல்ல, ஆஸ்பத்திரி நர்ஸம்மா டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் வந்து எடுத்துவிட்டார். தண்ணீர் குடிக்கவைக்கச் சொன்னதும் அந்த நர்ஸம்மாதான். மறுநாளே கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் ஒரு செம்பு வந்துவிட்டது. இடிந்த கோபுரத்துக்குக் கீழே எந்நேரமும் காற்று அடிக்கும். அங்கே அண்ணாச்சி கொஞ்சம் நிற்பார். அந்த நேரத்தில் செம்பு நீளும்.

சைக்கிள் கடைக்காரன் ஆரம்பத்தில் சேட்டைக்காரனாக இருந்தவன். கூட்டாளிகளை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று ஊதி அண்ணாச்சியை ரோட்டில் ஆட்டம் காட்டினான். மதினி போய் நின்றாள். அறை விழப்போகிறது என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் ஊதுத. மூச்சு இருக்கு ஒனக்கு. நாளைல இருந்து இந்த முக்கு ஒன் பொறுப்பு. இவரு மேல ஒரு சைக்கிள் முட்டுச்சு, ஒங்கிட்டதான் வருவேன்."

"யத்தே, நான் சும்மா வெளையாட்டுக்கு…"

"சும்மாதானல இருக்க. அதான் சொல்லுதேன்."

அதற்குப் பிறகு அவனைப் போலக் கண்டிப்பான ஆள் கிடையாது. கல்யாண ஊர்வலத்தையே விசில் அடித்து நிறுத்தி அண்ணாச்சிக்கு வழி விட்டிருக்கிறான்.

ஆனால் மதினி மட்டும் விசில் ஊதமாட்டாள். அவளுக்கென்று ஒரு விசிலும் கிடையாது. முந்தானையில் இருப்பதெல்லாம் அடுத்த ஆளுக்கு. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"பொண்டாட்டி விசிலுக்கு எந்த டிரைவர்வே வண்டிய எடுத்திருக்கான்?" என்று சிரித்தாள். பிறகு மாவைக் கலக்கிக்கொண்டே, "நான் ஊத ஆரம்பிச்சா நீங்கள்லாம் ஊதமாட்டிய" என்றாள்.

சாயங்காலம் அண்ணாச்சி அலைந்து களைத்து வீடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவளை அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

"கடைசி ஸ்டாப்பு."

"அது வர நேரமாகுமே."

"ஆகட்டும். எனக்கு என்ன அவசரம்?"

தினமும் நடக்கும் இது. ஒரு நாள்கூட அவள், நான்தான் உங்கள் பெண்டாட்டி என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஆனியில் சாரல் விழுந்ததும் நான் தினமும் குற்றாலத்துக்குப் போய்வர ஆரம்பித்தேன். சீசனில் மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலைக்கு ஆள் தேவைப்படும். மதினி உடனே ஒரு துண்டு வேலையைச் சேர்த்துவிட்டாள். "அவரையும் குளிக்க வச்சி விடும் கொழுந்தனாரே. அருவித்தண்ணி விழுந்தா அன்னைக்கு மூணு ஆப்பம் திங்காரு."

காலை பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட் அண்ணாச்சிக்கு. வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால் பலகையில் பிரேக் மிதிக்கும். "அண்ணாச்சி, எடுக்கலாமா?" என்று டிரைவர் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். குற்றாலத்தில் இறக்கிவிட்டால் நான் கூட்டிப்போய் எண்ணெய் வைத்து, அருவியின் ஓரமாக நிறுத்துவேன். ஒரு விசில். நிற்பார். வேண்டிய மட்டும் தண்ணீர் விழுந்த பின் இரண்டு விசில். வந்துவிடுவார்.

அந்தக் காலத்தில் மனம் பேதலித்தவர்களை அங்கே கொண்டுவந்து அருவியில் நிறுத்துவார்கள். மண்டலக் கணக்கில் நின்றால் தெளியும் என்று நம்பிக்கை. கையில் கயிறு கட்டி, மறுமுனையைச் சொந்தக்காரர்கள் பிடித்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் கயிறில்லாமல் நின்ற ஒரே ஆள் அண்ணாச்சிதான்.

அந்த வருஷம் சீசன் பந்தோபஸ்துக்கு வந்த போலீசில் அவருடைய மகனும் இருந்தான். ஒரே மகன். வெளியூரில் ஆயுதப்படையில் வேலை. வந்த முதல் நாளே வீட்டில் சண்டை. நான் ஆப்பத் தட்டோடு வாசலில் இருந்தேன்.

"ஊரு பூரா சிரிக்குது. போலீஸ்காரன் அப்பன் ரோட்ல அலையுதான்னு எங்க கேம்ப் வரைக்கும் தெரியுது. இதுல ஆடு மாடு மாதிரி விசில் அடிச்சு வேற ஓட்டுதிய."

"மாட்டுக்கு எவம்லே விசில் அடிக்கான்? டிரைவருக்குத்தான் அடிப்பாங்க."

"கிழக்க ஒரு வைத்தியசாலை இருக்கு. கால்ல சங்கிலி போட்டு வைப்பாங்களாம். எங்கயும் போகமுடியாது. பத்திரமா இருப்பாரு. சீசன் முடியவும் நான் கொண்டு விட்டுட்டுத்தான் போவேன்."

மதினி சட்டியைச் சுழற்றி மாவை விரித்தாள். அந்த ஆப்பம் கருகிற்று. அவள் ஆப்பம் கருகி நான் பார்த்தது அன்று ஒன்றுதான். பிறகு முந்தானையை அவிழ்த்து ஒரு விசிலை எடுத்து மகனிடம் நீட்டினாள்.

"அருவிக்கரையிலதான டூட்டி? சும்மாதான நிப்ப? அப்பாவையும் ஒரு கண்ணு பாத்துக்கோ."

"எங்கிட்டயே ஒண்ணு கெடக்கு. நான் என்ன கண்டக்டரா?" அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து மதினி சீசன் நாட்களை எண்ணத் தொடங்கினாள் என்று நினைக்கிறேன். மழை சோவென்று விழுந்தால் அவளுக்கு நிம்மதி. இரண்டு நாள் வெயில் அடித்துவிட்டால், "என்னவே, சாரல் ஓஞ்சிருமா?" என்று என்னிடம் கேட்பாள். வியாபாரிகள் கேட்கிற கேள்விதான். அவள் கேட்டது வேறு காரணத்துக்கு.

ஒரு காலை மலைமேல் கறுத்திருந்தது. அண்ணாச்சியை வழக்கம்போல ஓரமாக நிறுத்திவிட்டு, நான் தடுப்புக் கம்பிக்கு இந்தப்பக்கம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அருவியின் சத்தம் தடித்தது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. மேலே வெள்ளம். போலீஸ்காரர்கள் ஓடிவந்து விசில் அடித்தார்கள். நீளமான, விடாத விசில். அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்: எல்லாரும் வெளியே வா.

கூட்டம் அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கயிறு கட்டியவர்களைச் சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அண்ணாச்சி மட்டும் அசையவில்லை. அவர் கேட்டது நிற்கச் சொல்கிற விசில். ஒன்றல்ல, மூன்று போலீஸ்காரர்கள் சேர்ந்து, நில், நில், நில் என்கிறார்கள். நல்ல டிரைவர் அதை மீறமாட்டார். இரண்டு கையையும் ஸ்டியரிங் பிடித்த மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது.

நான் என் விசிலை இரண்டு தடவை ஊதினேன். போலீஸ் விசிலுக்குள் அது கரைந்துபோனது. எதிரே வருகிற கூட்டம் என்னைப் பின்னால் தள்ளியது. மறுபடி ஊதினேன். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது.

மகன் அப்போதுதான் பார்த்தான். "அப்பா! அப்பா! வாங்கப்பா!" என்று கத்தினான். அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. மகன் விசிலை வாயில் வைத்து இன்னும் பலமாக, நீளமாக ஊதினான். அண்ணாச்சி கால்களை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

"ரெண்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ரெண்டு அடிங்க! மத்தவங்கள நிறுத்தச் சொல்லுங்க!"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மற்றப் போலீஸ்காரர்களைப் பார்த்துக் கையை வீசினான். "ஊதாதிய! யாரும் ஊதாதிய!"

விசில்கள் நின்றன. அருவியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அவன் விசிலை மறுபடி வாயில் வைத்தான். ஊதினான். சின்னதாக ஒன்று, சின்னதாக இன்னொன்று.

அண்ணாச்சியின் இடது கை கியரைத் தள்ளியது. வலது கால் அழுத்தியது. அந்தத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நேராக வந்தார். கம்பியை எட்டியதும் மகன் இரண்டு கைகளாலும் அவரைப் பிடித்து இழுத்தான். அவர் நின்ற இடத்தில் அடுத்த நிமிஷம் ஒரு மரக்கட்டை வந்து விழுந்தது.

அண்ணாச்சி தலையிலிருந்து தண்ணீர் வழிய மகனை ஏற இறங்கப் பார்த்தார். "என்னடே, இவ்வளவு லேட்டாவா ரைட் குடுப்ப? பின்னால வண்டி நிக்கில்லா" என்றார்.

"தப்புதான் அண்ணாச்சி" என்றான் மகன். அப்பாவை அண்ணாச்சி என்று அவன் கூப்பிட்டதைக் கேட்டது நான் மட்டும்தான்.

மத்தியானம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவனே வீட்டுக்கு வந்தான். சேதி அதற்கு முன்பே பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. மதினி அடுப்பைப் பார்த்தபடியே இருந்தாள். அழுதிருந்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேருக்கும் தட்டு வைத்தாள். அவர்கள் பாதி தின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கும் அங்கனதான் டூட்டியா?"

"ஆமா."

"சும்மாதான நிப்ப?"

அவன் இன்னொரு ஆப்பத்துக்குத் தட்டை நீட்டினான். மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணாச்சிக்குப் பக்கத்து சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் சும்மா கூடப் போனேன். சீசன் முடிந்து அவன் ஊருக்குக் கிளம்பியபோது தனியாகத்தான் கிளம்பினான். வைத்தியசாலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு லீவு கிடைத்தால் வருவான். வந்தால் மார்க்கெட் முக்கு அவனுக்கு.

என்னால் அங்கேயே இருக்க முடியவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. என் கால் அப்படி. "விசிலத் திருப்பிக் குடுத்துட்டுப் போறேன் மதினி" என்றேன். "வச்சிக்கிடும். திரும்பி வருவீருல்லா" என்றாள். அது என்னோடு நிறைய ஊர் பார்த்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு தடவை கேரளத்துக்குப் போகிற வழியில் தென்காசியில் இறங்கினேன். மதினி கையால் ஆப்பம் தின்றுவிட்டுப் போகலாம் என்றுதான். பின்தெருவில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஒரு வருஷம் அண்ணாச்சி படுக்கையில்தான் இருந்தார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். முதுகில் ஒரு புண் வரவில்லை என்றும் சொன்னார். புரட்டிப் போடுவதற்கு முறை வைத்து ஆள் வந்தார்களாம். டாக்டர் மாற்றலாகிப் போகும்போது, அடுத்து வந்த டாக்டர் கையில் விசிலைக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

பாடையைத் தூக்கிக்கொண்டு தெரு முக்கு வரை வந்தோம். அங்கே கீழே வைப்பது வழக்கம். பெண்கள் அதற்கு மேல் வரக்கூடாது. சுற்றி வந்தார்கள், அழுதார்கள். மறுபடி தோளில் தூக்கியாயிற்று. ஆனால் யாரும் நகரவில்லை. முன்னால் மகன், பின்னால் சைக்கிள் கடைக்காரன், பக்கத்தில் முடிவெட்டுகிறவர். எதிர்ப்பக்கம் இரண்டு பஸ்கள் ஹாரன் அடிக்காமல் நின்றன. எல்லார் கழுத்திலும் விசில் கிடந்தது. மகன் தன்னுடையதை உதடு வரை கொண்டுபோனான். ஊத முடியவில்லை. கையை இறக்கிவிட்டான்.

மதினி எங்களைப் பார்த்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்ன, எல்லாரும் சும்மா நிக்கிய?"

அவள் கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்டாள். வந்தீரா என்றுகூடக் கேட்கவில்லை. கையை நீட்டினாள். நான் கயிற்றைக் கழற்றிக் கொடுத்தேன். விசிலைப் புடவையில் துடைத்தாள். வாயில் வைத்தாள். அவள் ஊதி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு தடவை ஊதினாள்.

பாடை நகர்ந்தது.